சாலர் எந்த ஆற்று மீன்?

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சிறு பத்திரிகையில் ஹென்றி வில்லியம்ஸனின் ‘சாலர் தி சால்மன்’ என்ற இங்கிலீஷ் நாவலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். நாவல் 1935-ல் வந்தது. ஒரு மீனைக் கதாநாயகனாக வைத்து முன்னூறு பக்கம் அலுக்காமல் எழுத முடியும் என்பதே அப்போது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. கட்டுரையை முடித்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. “சாலரின் இடத்தில் உலகத்தின் எந்த ஆற்றிலிருந்து எந்தச் சால்மனை எடுத்து வைத்தாலும் கதை மாறாது, அதனால்தான் இது இலக்கியம்” என்று எழுதியிருந்தேன். இரண்டு மூன்று பேர் அந்த வாக்கியத்தைப் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

சென்ற வருஷம் என் நண்பர் ஒருவர், காலேஜில் விலங்கியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், என் கட்டுரைத் தொகுதியைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

“ஓய், எந்த மீனை எடுத்து வைச்சாலும் கதை மாறாதுன்னு எழுதியிருக்கீரே, அதைத்தான் நார்வேக்காரன் அம்பது வருஷமாச் செஞ்சு பார்த்துண்டிருக்கான். என்ன ஆச்சுன்னு உமக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். நான் காலேஜில் விஞ்ஞானம் படித்தது இரண்டு வருஷம். டிகிரி வரை போகவில்லை. அவர் ஒரு கட்டுக் காகிதங்களை மேஜை மேல் வைத்துவிட்டுக் காபி சாப்பிட்டுப் போனார். அவற்றை மூன்று மாதம் வைத்துப் படித்தேன். பிறகு வில்லியம்ஸனை மறுபடி எடுத்துப் படித்தேன். என் வாக்கியம் தப்பு. கொஞ்சம் தப்பு அல்ல, அடியோடு தப்பு. அதை வாபஸ் வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அது எப்படித் தப்பு என்று பார்க்கும்போது, நாவலைப் பற்றியும் நாவலாசிரியனைப் பற்றியும் சொல்ல வேறு சில விஷயங்களும் வந்து சேர்கின்றன.

சால்மன் நம் கடல் மீன் அல்ல. பெரிய ஓட்டல்களில் ‘இந்தியன் சால்மன்’ என்று போட்டுப் பரிமாறுவது நம்முடைய காலா மீன். இதற்கும் அதற்கும் பெயர்தான் ஒற்றுமை. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் போடுவதற்காகக் கொண்டுவந்து விட்ட டிரவுட் வேண்டுமானால் தூரத்து உறவு. ஆகவே சால்மனின் ஜீவிதத்தை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் தலைப்பக்கத்தில், கூழாங்கல்லுக்கு அடியில் பிறக்கிறது. இரண்டு மூன்று வருஷமோ, வடக்கே குளிர்ந்த ஆறுகளில் அதற்கு மேலோ, ஆற்றிலேயே வளர்கிறது. பிறகு கடலுக்குப் போகிறது. சில கிரீன்லாந்துக் கரை வரையில் போய் மேய்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று வருஷம் கழித்துப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டையிட்டு, பெரும்பாலும் செத்துப்போகிறது. எப்படித் திரும்புகிறது என்ற கேள்விக்கு 1951-ல் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாஸ்லர், விஸ்பி என்ற இருவர் ஒரு பதில் சொன்னார்கள். வாசனையால். ஒவ்வொரு ஓடைக்கும் அதன் மண், செடி, பாசி சேர்ந்த ஒரு வாசனை இருக்கிறது. கடலுக்குப் போகுமுன் குஞ்சு அதை மனசில் பதித்துக்கொள்கிறது என்றார்கள். பின்னால் நடந்த சோதனைகள் அதை ஊர்ஜிதம் செய்தன.

இது வரையில் எனக்கும் முன்பே தெரியும். வில்லியம்ஸனின் நாவலை ரசிக்க இவ்வளவு போதும். இதற்கு அப்புறம் வருவதுதான் எனக்குத் தெரியாதது. திரும்பித் திரும்பி அதே ஆற்றுக்கு வருவதால், ஆற்றுக்கு ஆறு சால்மன் தனித்தனி வம்சமாகப் பிரிந்துவிடுகிறது. அந்த ஆற்றின் குளிர், வேகம், தூரம், நோய் இவற்றுக்கு ஈடு கொடுக்காதவை தலைமுறைக்குத் தலைமுறை கழிந்துபோய், ஈடு கொடுத்தவை தங்கிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளி மீன்தான். உள்ளே வேறு.

எப்படி வேறு என்பதற்கு என்னை மிகவும் கவர்ந்த உதாரணம் பசிபிக் கரையில் இருக்கும் ஸாக்கை என்ற சால்மன். இதன் குஞ்சுகள் ஏரியில் வளர வேண்டியவை. ஏரிக்குள் வந்து விழும் ஓடையில் பிறந்த குஞ்சு நீரோட்டத்தோடு கீழே போனால் ஏரி. ஏரியிலிருந்து வெளியே போகும் ஆற்றில் பிறந்த குஞ்சு நீரை எதிர்த்து மேலே போனால்தான் ஏரி. கீழே போனால் கடல், மரணம். விரல் நீளம்கூட இல்லாத அந்தக் குஞ்சுக்கு யாரும் வழி சொல்வதில்லை. தாயும் தகப்பனும் அது பிறக்கும் முன்பே இறந்துவிட்டன. இரண்டு இடத்து முட்டைகளையும் எடுத்து ஒரே தண்ணீரில் பொரிக்க வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் இது கீழே போகப் பார்க்கிறது, அது மேலே போகப் பார்க்கிறது. திசையைக்கூட அவை பரம்பரையாகப் பெற்றிருக்கின்றன.

இன்னொன்று. கனடாவில் பிரேஸர் நதியில் பல கூட்டங்கள் ஏறுகின்றன. கடலுக்குப் பக்கத்திலேயே முட்டையிடுவதும் உண்டு; பள்ளத்தாக்குகளைத் தாண்டி மலைக்குப் போவதும் உண்டு. 2011-ல் இவற்றின் இருதயத்தைச் சோதித்தார்கள். நெடுந்தூரம் ஏறிப் போகிற கூட்டத்துக்குப் பெரிய இருதயம். உஷ்ணமான நீரைத் தாங்குகிற சக்தியும் அவரவர் வழியில் எதிர்ப்படுகிற உஷ்ணத்துக்குத் தக்கபடிதான் இருக்கிறது.

மூன்றாவது உதாரணம் கொஞ்சம் கொடூரமானது. பால்டிக் கடலில் விழும் ஆறுகளில் ஜைரோடாக்டைலஸ் என்று ஒரு ஒட்டுண்ணி உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அங்குள்ள சால்மனும் அதுவும் யுகயுகமாகச் சேர்ந்து வாழ்ந்தவை. மீனுக்குப் பெரிய உபத்திரவம் இல்லை. 1970-களில் மீன் குஞ்சுகளைக் கொண்டுபோனபோது அது நார்வேக்கும் போய்ச் சேர்ந்தது. நார்வே ஆறுகளின் சால்மனுக்கு அதைத் தாங்கத் தெரியவில்லை. சுமார் 50 ஆறுகளில் குஞ்சுகள் மடிந்தன. ஒட்டுண்ணியை ஒழிக்க வேறு வழியில்லாமல் சர்க்காரே ஆற்றில் மருந்து கலந்து மீன் பூண்டே இல்லாமல் செய்தது. செய்வதற்கு முன், அந்தந்த ஆற்று மீனின் வித்தைத் தனியாக எடுத்துப் பத்திரம் பண்ணி வைத்து, ஆறு சுத்தமானதும் அதே ஆற்றில் கொண்டுபோய் விட்டார்கள். பக்கத்து ஆற்று மீனை விட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவன் நான் ஒருவன்தான். அதுவும் கேள்வியாகக் கேட்காமல் தீர்மானமாகவே எழுதிவிட்டேன்.

அளவு மீறிச் சொல்லக்கூடாது. 2011-ல் இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்தவற்றில் நூற்றுக்கு 55 முதல் 70 வரையில்தான் சொந்த ஆற்று மீன் வெளி ஆற்று மீனை ஜெயித்தது, சராசரியாக 1.2 மடங்கு அனுகூலம். சின்ன எண்தான். ஆனால் வட்டிக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு, தலைமுறைக்குத் தலைமுறை 1.2 என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு வில்லியம்ஸனைப் படித்தேன். அவர் தெற்கு இங்கிலாந்தில் டெவன் பிராந்தியத்தில், பிரே என்ற சிற்றாற்றின் கரையில் குடியிருந்து, பாலத்தின் மேலும் கரையிலும் நின்று வருஷக்கணக்கில் மீனைப் பார்த்து எழுதியவர். தண்ணீரை அவரைப்போல எழுதியவர்கள் அபூர்வம். அணைக்குக் கீழே நீர் எப்படிச் சுருள்கிறது, கோடையில் மடு வற்றும்போது வெயில் எந்த நேரத்தில் எந்தக் கல்லைத் தொடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கடல்நாய், லாம்ப்ரே, நீர்நாய், வலைக்காரன், திருட்டுத்தனமாக மீன் பிடிக்கிறவன் என்று வரிசையாக வரும் ஆபத்துகளில் ஒன்றுகூட நாடகமாக இல்லை. இன்றைக்கும் இதை எல்லாம் நான் வாபஸ் வாங்கவில்லை.

ஆனால் நாவல் கடலில், முகத்துவாரத்துக்கு வெளியே தொடங்குகிறது. சாலர் அங்கே தயாராக, வளர்ந்த வீரனாக நிற்கிறான். எங்கிருந்து வந்தான் என்பது கதையை நடத்துகிற விசையாக எங்கும் ஆகவில்லை. பெயரைப் பாருங்கள். சாலர் என்பது லின்னேயஸ் 1758-ல் இந்த ஜாதி மீன் முழுமைக்கும் வைத்த லத்தீன் பெயரின் பாதி. அவன் தோழன் டிரவுட்டுக்கு டிரட்டா, லாம்ப்ரேக்குப் பெட்ரோமைஸான். இவையும் விஞ்ஞானப் பெயர்களே. ஒரு நாவலாசிரியன் தன் கதாநாயகனுக்கு ‘மனிதன்’ என்றே பெயர் வைப்பதுபோல. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருடன் வருகிறவனுக்குத் தெரு இல்லை, வீடு இல்லை, பாட்டி இல்லை. வில்லியம்ஸனின் ஆறு பூமியில் ஒரே ஒரு ஆறு. அதில் நீந்துகிற மீன் எந்த ஆற்று மீனாகவும் இருக்கலாம். நான் இதைப் பெருமை என்று நினைத்தேன். இப்போது இதுதான் நாவலின் குறை என்று தோன்றுகிறது. ஆற்றைப் பார்த்த கண் மீனுக்குள் இருந்த ஆற்றைப் பார்க்கவில்லை.

1935-ல் இது யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். ஜீன் கணக்கு தெரியாதுதான். ஆனால் இன்ன மீன் இன்ன ஆற்றுக்காரன் என்ற பேச்சு கரையோரத்துச் செம்படவர்களிடம் பழையது. தவிரவும், ஆறே வருஷத்தில் இன்னொருவர் வேறு விதமாக எழுதிவிட்டார். ராடரிக் ஹேக்-பிரௌன் என்பவரின் ‘ரிட்டர்ன் டு தி ரிவர்’ 1941-ல் வந்தது. கொலம்பியா நதியில் பிறந்து கடலுக்குப் போய்த் திரும்புகிற ஒரு பெண் சினூக் சால்மனின் கதை. அதன் பெயர் ஸ்பிரிங். இதுவும் அந்தக் கரை ஜனங்கள் அந்த ஜாதி மீனுக்குச் சொல்கிற பெயர்தான் என்றாலும், லத்தீன் அல்ல, ஊர்ப் பெயர். கதை கூழாங்கல்லுக்கு அடியிலிருந்தே தொடங்குகிறது. செனட்டர் எவன்ஸ் என்று ஒரு கிழவர் கரையில் நின்று ஒவ்வொரு வருஷமும் மீன் வருகிறதா என்று பார்க்கிறார். 1938-ல் முடிந்த பான்வில் அணை கதைக்குள் வந்துவிடுகிறது. ஒரு மீன் பிழைக்குமா என்பது அங்கே கேள்வியாக இல்லை. இந்த ஓடையின் கூட்டம் இருக்குமா என்பதே கேள்வி. வாக்கிய அழகில் வில்லியம்ஸன் மேல். கதாநாயகன் யார் என்று கண்டுபிடித்ததில் ஹேக்-பிரௌன் மேல். கதாநாயகன் கூட்டம்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். சொந்த மண்ணிலேயே உட்கார்ந்து எழுதியவருக்குத் தெரியாதது, வந்தேறிக்குத் தெரிந்திருக்கிறது. ஹேக்-பிரௌன் இங்கிலாந்தில் பிறந்து, வாலிபத்தில் கனடாவுக்குப் போய், கேம்ப்பெல் ரிவர் என்ற ஊரில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தவர். இதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது நண்பரின் கேள்வி: எந்த மீனையும் எந்த ஆற்றிலும் வைத்தால் என்ன ஆகும்?

1970-ஐ ஒட்டி நார்வேயில் கடலில் வலைக்கூண்டு கட்டிச் சால்மன் வளர்க்கத் தொடங்கினார்கள். சுமார் 40 ஆறுகளின் மீன்களைக் கொண்டுவந்து கலந்து, வேகமாக வளர்கிறவற்றையே பொறுக்கிப் பொறுக்கி வித்தெடுத்தார்கள். தலைமுறைக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் வளர்ச்சி கூடிக்கொண்டே வந்தது. இன்று அந்த தேசம் வருஷத்துக்கு 15 லட்சம் டன் பண்ணைச் சால்மன் விற்கிறது. அதன் கரைக்குத் திரும்பி வரும் காட்டுச் சால்மனோ, 1980-களில் 10 லட்சம் மீனாக இருந்தது, இப்போது அதில் பாதிகூட இல்லை. கூண்டுகள் புயலில் கிழியும், மீன் தப்பும், தப்பினது ஏதோ ஒரு ஆற்றில் ஏறும். எந்த ஆறு என்று அதற்குக் கவலையில்லை. அதற்கு ஆறே கிடையாது. நான் என் கட்டுரையில் கற்பனை செய்த ‘எந்த மீனும்’ இதுதான்.

நார்வேயில் இம்ஸா என்ற ஆற்றில் சோதனைக்காகவே பண்ணை மீனையும் ஆற்று மீனையும் சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். 2000-ல் முடிவு வெளியானது. பண்ணை மீன் வாழ்நாளில் விட்டுப்போன சந்ததி, ஆற்று மீனுடையதில் நூற்றுக்கு 16. அதனால் பயமில்லை, தானே அழிந்துவிடும் என்று நினைக்கத் தோன்றுகிறதல்லவா? அழியும்போது அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆற்று மீனின் சந்ததியே நூற்றுக்கு 30-க்கு மேல் குறைந்துபோயிற்று. அயர்லாந்தில் பரிஷூல் என்ற ஆற்றில் இன்னும் நீண்ட சோதனை நடந்தது. 2003-ல் வந்த அறிக்கையைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பண்ணைக் குஞ்சு பெரிதாக, முரட்டுத்தனமாக வளர்கிறது. நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆற்றுக் குஞ்சைக் கீழே தள்ளிவிடுகிறது. இப்படி ஜெயித்தது பிறகு கடலுக்குப் போய்த் திரும்பி வருவதில்லை. முட்டையிலிருந்து முட்டை வரை கணக்குப் பார்த்தால் ஆற்று மீனில் நூற்றுக்கு 2 பங்குதான் அதற்கு வெற்றி. கலப்புக் குஞ்சுகள் இதற்கும் அதற்கும் நடுவே. கலப்பின் இரண்டாம் தலைமுறையில் ஒரு வகையில் நூற்றுக்கு 70 கருவிலேயே போயின. தள்ளினவனும் வாழவில்லை, தள்ளப்பட்டவனும் வாழவில்லை, மடு காலி. நான் எழுதிய எந்தக் கதையிலும் இப்படி ஒரு துக்கத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்னதில்லை.

சோதனைக்கு வெளியேயும் இதுதான். கனடாவில் நியூபவுண்ட்லாந்தில் 2013-ல் ஒரே தடவையில் சுமார் 20,000 மீன் தப்பியது. சுற்று வட்டாரத்தில் பார்த்த 18 ஆறுகளில் 17-ல் கலப்புக் குஞ்சுகள். நார்வேயில் நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகளைச் சோதித்து 2016-ல் வந்த கணக்குப்படி, காட்டுச் சால்மனின் ஜீன்களில் பண்ணைப் பங்கு சராசரியாக நூற்றுக்கு 6-க்குச் சற்று மேல். மோசமான ஆறுகளில் 40-க்கு மேல்.

நல்ல எண்ணத்தோடு செய்தாலும் இதே சிக்கல்தான். ஆற்றில் மீன் குறைந்தால் தொட்டியில் குஞ்சு பொரித்து ஆற்றில் விடுகிறார்கள். பார்க்கத் தர்மமாக இருக்கிறது. அமெரிக்காவில் ஹூட் ரிவரில் ஸ்டீல்ஹெட் என்கிற, இதே குடும்பத்து மீனில் பார்த்து 2007-ல் எழுதினார்கள். ஒரு தலைமுறை தொட்டியில் வளர்ந்தாலே, ஆற்றில் சந்ததி விடும் சக்தி நூற்றுக்கு 40 அளவில் குறைகிறது. தொட்டி மீனைத் தொட்டிக்குத் தக்கதாக ஆக்கிவிடுகிறது. தொட்டிக்கு ஒரு குணம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதுவரையில் என் தப்பு. இனி வில்லியம்ஸனின் தப்பு. அது நாவலுக்கு வெளியே இருக்கிறது.

‘சாலர்’ வெளிவந்த அதே 1935-ல் அவர் ஜெர்மனிக்குப் போய் நூரம்பெர்கில் ஹிட்லரின் மகாநாட்டைப் பார்த்து மயங்கித் திரும்பினார். 1937-ல் பிரிட்டிஷ் பாஸிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். முதல் உலக யுத்தத்தில் அகழியில் கிடந்து பார்த்தவர், மண்ணையும் ரத்தத்தையும் சேர்த்துப் பேசுகிறவர்களிடம் சாந்தி இருக்கிறது என்று நம்பினார். இது தெரிந்த வாசகர் என்னைப் பார்த்து நியாயமாகவே கேட்கலாம்: ‘மீனுக்கு ஆறு உண்டு, ரத்தத்தில் ஆறு உண்டு, வெளி மீன் வந்தால் நாசம் என்றெல்லாம் இவ்வளவு நேரம் சொன்னாயே, அந்த மகாநாட்டில் கேட்ட பேச்சுக்கும் உன் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்?’

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட வேண்டியதுதான். பதில் மீனிடமே இருக்கிறது.

முதலாவது, எல்லாச் சால்மனும் வீடு திரும்புவதில்லை. எப்போதும் சிறு பங்கு வழி தவறி வேறு ஆற்றுக்குப் போகிறது. இந்த வழி தவறினவை இல்லாவிட்டால், பனியுகத்தில் உறைந்து கிடந்த வடக்கு ஆறுகளுக்குச் சால்மனே வந்திருக்காது. இன்று ‘சொந்த ஆறு’ என்று சொல்லிக்கொள்கிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூதாதை ஒரு வந்தேறி. இரண்டாவது, ஒரு ஆற்றுக்குள்ளேயே எல்லாம் ஒன்றல்ல. கடலிலிருந்து சீக்கிரம் சின்ன மீனாகத் திரும்புவதா, தாமதித்துப் பெரிய மீனாகத் திரும்புவதா என்பதில் ஒரே ஒரு ஜீனுக்கு நூற்றுக்கு 39 பங்கு இருக்கிறது என்று 2015-ல் கண்டார்கள். அதன் இரண்டு வடிவங்களும் பல ஆறுகளில் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டையும் கலந்து பெற்ற மீன் ஆணானால் சீக்கிரம் வருகிறது, பெண்ணானால் தாமதித்து வருகிறது. நார்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடும் டானா நதியில், ஒரே நதிதான், சுமார் 30 தனித்தனிக் கூட்டங்கள். கரையில் வாழும் சாமி ஜனங்கள் மீன் குறைந்ததால் 2021-ல் அங்கே சால்மன் பிடிப்பது தடை செய்யப்பட்டதைப் பார்த்தார்கள். அவர்கள் இழந்தது ஒரு மீனை அல்ல, முப்பதை. அலாஸ்காவில் பிரிஸ்டல் வளைகுடாவில் ஐம்பது வருஷக் கணக்கைப் புரட்டி 2010-ல் ஒரு முடிவு சொன்னார்கள். அங்கே நூற்றுக்கணக்கான கூட்டங்கள் இருப்பதால், ஒன்று கெட்ட வருஷம் இன்னொன்று நன்றாக இருந்து ஈடு கட்டுகிறது. எல்லாம் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் வரத்தின் ஏற்றத்தாழ்வு இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். தூய்மை அல்ல, பலவகையாக இருப்பதுதான் பலம்.

மூன்றாவது உதாரணம் ஒரு நாவலாகவே எழுதத் தக்கது. 1872-ல் கலிபோர்னியாவில் மெக்ளௌட் என்ற ஆற்றின் கரையில், வின்டு என்ற ஆதிகுடிகளின் பூமியில், லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் சர்க்காருக்காகக் குஞ்சு பொரிக்கும் நிலையம் போட்டார். அங்கிருந்து முட்டைகள் உலகமெங்கும் கப்பலேறின. எத்தனையோ இடங்களில் அவை பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூஸிலாந்துக்குப் போனவை மட்டும் பிழைத்தன. பல ஆறுகளில் பரவின. நூறு வருஷத்துக்குள், சுமார் முப்பது தலைமுறைக்குள், அங்கேயும் ஆற்றுக்கு ஆறு வித்தியாசப்படத் தொடங்கிவிட்டன என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆக, ஊர்க்காரனாவது என்பது பிறப்பால் வரும் பட்டம் அல்ல. ஒரு ஆற்றோடு எத்தனை நாள் ஒட்டி இருந்தாய், அது உன்னைத் திருத்த இடம் கொடுத்தாயா என்பதுதான்.

பண்ணை மீனிடம் குற்றம் அது வெளியூர் என்பது அல்ல. எந்த ஆறும் அதைத் திருத்தவில்லை, வலைக்கூண்டுதான் திருத்தியது. அது வழி தவறி ஒன்றிரண்டாக வருவதும் இல்லை. ஆறு தன் வேலையைச் செய்ய அவகாசம் கொடுக்காமல், வருஷா வருஷம் கூட்டமாக வந்து விழுகிறது. நூரம்பெர்கில் கூடியவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்க விரும்பாதவர்கள். தவிர, மனிதன் மீன் அல்ல. ஏரிக்கு மேலே போவதா கீழே போவதா என்பதை நாம் பிறப்பில் பெறுவதில்லை. கற்றுக்கொள்கிறோம், மறக்கிறோம், வேறு ஒன்றைக் கற்கிறோம். வில்லியம்ஸன் நாவலில் தன் மீனுக்குப் பாட்டியையே கொடுக்கவில்லை. அரசியலில் ஒரு ஜனசமூகம் முழுவதற்கும் ஒரே பாட்டியைக் கொடுக்கப் பார்த்தார். இரண்டு தப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று எனக்குப் படுகிறது. ஒருவன் எப்படி இப்படி ஆனான் என்று காலத்தோடு வைத்துப் பார்க்கிற பொறுமை இரண்டிலும் இல்லை. ஹேக்-பிரௌனுக்கு அந்தப் பொறுமை இருந்தது. தானே ஒரு ஆற்றங்கரையில் வந்து ஒட்டிக்கொண்டவர் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

மெக்ளௌட் கதை இன்னும் முடியவில்லை. 1945-ல் முடிந்த ஷாஸ்டா அணை கீழே ஆற்றை மறித்துவிட்டது; மேலே மீன் ஏற முடியவில்லை. வின்னெமெம் வின்டு ஜனங்களுக்கு அந்த மீன் ஆகாரம் மட்டுமல்ல, தெய்வ சம்பந்தமும் உடையது. தங்கள் ஆற்றில் செத்துப்போன வம்சம் நியூஸிலாந்தில் ஜீவித்திருக்கிறது என்று அறிந்து, 2010-ல் அவர்கள் கடல் கடந்து போய், அந்த ஆற்றங்கரையில் நின்று மீனிடம் மன்னிப்புக் கேட்டுச் சடங்கு செய்து திரும்பினார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறார்கள். 2022-ல் கலிபோர்னியாவிலேயே வேறு இடத்தில் மிஞ்சியிருந்த சினூக் முட்டைகளை மெக்ளௌடில் கொண்டுபோய்ப் பொரிக்க வைத்தார்கள். எது உண்மையான மெக்ளௌட் மீன்? அணைக்குக் கீழே தங்கிப்போன சொந்தக்காரனா, நூறு வருஷம் அயல்நாட்டு ஆற்றில் வேறாகிப்போன பேரனா? நண்பரிடம் கேட்டேன்.

“ஆத்துல விட்டுட்டு ஒரு அம்பது வருஷம் சும்மா இருந்தா, அது சொல்லிடும் ஓய்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சும்மா இருக்கத்தான் நமக்குத் தெரியாது” என்றார்.

பண்ணையை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜனங்களுக்கு மீன் வேண்டும். தப்பாத கூண்டு கட்டுவதும் சந்ததி விடாத மீனை வளர்ப்பதும் அறிந்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். 2023 கடைசியில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனம் அட்லாண்டிக் சால்மனைக் கவலை இல்லாத பட்டியலிலிருந்து எடுத்து, அபாயத்தை நெருங்குவதன் பட்டியலில் போட்டது. 2024 கோடையில் நார்வே 33 ஆறுகளில் தூண்டில் போடுவதையே நிறுத்தியது. கடல் சுடுவதும் ஒட்டுப்பேனும் அணையும் இதில் சேர்ந்தவை. எல்லாப் பழியையும் ஒன்றின் மேல் போடுவது சரியல்ல.

என் பழி எனக்குத் தெரியும். எந்த மீனை வைத்தாலும் கதை மாறாது என்று நான் எழுதியபோது அதை இலக்கியத்துக்குப் புகழாகச் சொன்னேன். எங்கேயும் பொருந்துவதுதான் உயர்ந்தது என்ற ஒரு நினைப்பு அப்போது என்னிடம் இருந்தது. அந்த நினைப்பில் என் சொந்த நாவல் ஒன்றில் ஊரின் பெயரையே எடுத்துவிட்டு ‘ஒரு ஊர்’ என்று போட்டேன். அந்த நாவலை இப்போது யாரும் படிப்பதில்லை.

பழைய கட்டுரையைத் தொகுதியிலிருந்து நீக்கிவிடலாமா என்று பதிப்பாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது அங்கேயே இருக்கட்டும். இதை அதற்கு அடுத்தாற்போல் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.